நாற்பது வீட்டுத் துணி

ஸ்காபரோ
6 ஜனவரி 2025

முரளிக்கு,

போனில் கதைக்க முடியவில்லை, ஈமெயிலில் எழுது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எழுதுகிறேன். சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டாயிற்று.

சித்தி இன்னும் இங்கேதான் நிற்கிறா. விடிய எழும்பிக் குசினியில் ரேடியோவை மெல்லமாய்ப் போட்டுவிட்டு, சரக்குத் தண்ணி வைக்கிறா, பத்தியக் கறி வைக்கிறா. பிள்ளை பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முறையாய் நடக்குது. பிள்ளை மட்டும்தான் இல்லை.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் எனக்குப் பால் கட்டிப்போனது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். சித்தி மார்க்கம் ரோட்டுப் பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கிவந்து நெஞ்சோடு வைத்துக் கட்டிவிட்டா. பால் வற்றிவிடுமாம். கோயிலுக்கென்று கட்டின சரத்தில் மிச்சமாம். வெளியே பனி கொட்டுது, நான் சட்டைக்குள்ளே மல்லிகையை வைத்துக்கொண்டு சோபாவில் இருக்கிறேன். வீடு முழுக்கக் கலியாண வீட்டு வாசம். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தும்மல்தான் வந்தது.

ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பிள்ளையைச் சுற்றுவதற்கு என்னுடைய பழைய நூல் சேலையைக் கிழித்து, தோய்த்து, மடித்து வைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரியால் வருமுன்னம் தொட்டில், உடுப்பு எல்லாவற்றையும் நீங்கள் வெளியேற்றிவிட்டீர்கள். நான் பார்த்தால் தாங்கமாட்டேன் என்று செய்தீர்களாம், எல்லாரும் சொல்லுகினம். அந்தச் சேலைத் துணியும் போய்விட்டதா? அலுமாரி முழுக்கத் தேடிவிட்டேன்.

வேறு ஒன்றுமில்லை.

சஜிதா


பிஷ்கெக்
9 ஜனவரி 2025

அன்புள்ள சஜி,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். கிர்கிஸ்தான் என்றதும் மலையும் குதிரையுமாக நினைத்துக்கொண்டு வந்தேன். மலை இருக்கிறதாம், ஊருக்குத் தெற்கே. ஒன்பது நாளாகக் கண்ணில் படவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் புகை, சாயங்காலமும் புகை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனால் காலர் கறுத்துவிடுகிறது.

குளிர் டொராண்டோ மாதிரிதான், காற்று மட்டும் இல்லை. நடைபாதையில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கிறது. யாரும் உப்பு போடுவதில்லை. தெருவோரம் திறந்த கால்வாய் ஓடுகிறது, இருட்டில் பார்த்து நடக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் சுவரோரக் குழாய்களில் கொதிநீர் ஓடி ஒரே அனல். நான் பனியனோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பேங்க் வேலை மெதுவாகப் போகிறது. பழைய சாஃப்ட்வேரில் இருக்கும் கணக்கையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். இங்கே என்னோடு வேலை பார்ப்பவர் நுர்லான் என்று ஒருத்தர். நல்ல மனுஷன். மதியம் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போய், கறி இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கடை கடையாகச் சண்டை போடுகிறார். கடைசியில் உருளைக்கிழங்குதான் வருகிறது.

ராத்திரி மைனஸ் பதினாறு வரைக்கும் போகும் என்கிறார்கள். அங்கே எப்படி? வெளியே போனால் பூட்ஸ் போட்டுக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

முரளி


ஸ்காபரோ
12 ஜனவரி 2025

முரளிக்கு,

உங்களுடைய வானிலை அறிக்கை கிடைத்தது. புகை, பனி, கால்வாய், உருளைக்கிழங்கு எல்லாம் வந்திருக்கு. நான் கேட்ட துணி மட்டும் வரவில்லை.

நேற்றுச் சித்தியோடு சாமான் வாங்கப் போனேன். மரக்கறி எடுக்கிற இடத்தில் உங்கள் ஒபிஸ் டெனிஸ்டனின் மனிசியைக் கண்டேன். அவ நல்ல பிள்ளை, வாய்தான் நிற்காது. “முரளி அண்ணை நல்ல மனசு, அக்கா. இவர் போக வேண்டிய பயணமெல்லோ, அவரே கேட்டு வாங்கிப் போனவர்” என்றா. கையில் ஒரு கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஓம்” என்று சொன்னேன். பிறகு அந்தக் கத்தரிக்காயையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு நீங்கள் சொன்னது வேறு. கொம்பனி அனுப்புது, மறுக்க ஏலாது என்றீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், வைத்திருந்து புண்ணியமில்லை. பிள்ளை போன அன்றைக்கு உங்கள் அப்பா திருச்சியிலிருந்து போன் எடுத்தார். நீங்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தீர்கள், கதவு திறந்துதான் கிடந்தது. “பேர் வைக்காத குழந்தைக்குத் தீட்டு கிடையாது, குளிச்சா போறும்” என்றார். நீங்கள் “சரிப்பா” என்றீர்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தீர்கள். உங்களுக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

எங்கள் ஆட்களும் திறம் இல்லை. பால்குடிப் பிள்ளைக்கு எட்டாம் நாளும் இல்லை, முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் இல்லை என்று சித்தியும் சொல்லுறா. முறை என்று ஒன்றுமே இல்லாவிட்டால் நான் என்னத்தைச் செய்கிறது? எத்தனையாம் நாள் எழும்பித் தலை முழுகுகிறது? எனக்கு ஒருவரும் ஒரு நாளும் குறித்துத் தரவில்லை. அதனால் நானே ஒன்றைக் குறித்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் வர வேண்டும். வராவிட்டால் இந்த அப்பார்ட்மென்ட்டுக்கு நோட்டீஸ் குடுத்துவிட்டு றிச்மண்ட் ஹில்லில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் வந்தாலென்ன, விட்டாலென்ன.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் நல்லாய் இருக்கும்.

சஜிதா


பிஷ்கெக்
18 ஜனவரி 2025

அன்புள்ள சஜி,

ஐந்து நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். டெனிஸ்டன் மனைவி சொன்னது உண்மை. நான்தான் கேட்டு வாங்கினேன். வேலையில் போய் உட்கார்ந்தால் கை தானாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்தால் நீ சோபாவில் இருப்பாய். உன் பக்கத்தில் உட்காருவதா, எதிரில் உட்காருவதா என்று தெரியாமல் காரிலேயே இருந்திருக்கிறேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை சஜி. அழுகையும் இல்லை, பசியும் இல்லை. ஒன்றும் வராத ஒருத்தன் உன் முன்னால் வந்து நின்றால் நீ என்ன நினைப்பாய் என்ற பயத்தில் ஓடிவந்துவிட்டேன்.

துணி என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் வேனில் ஏற்றியபோது அதை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்காதே. உன்னிடம் கேட்காமல் எடுத்துவந்தது தப்பு.

வேலை பிப்ரவரி பாதி வரை இழுக்கும் என்கிறார்கள். விட்டுவிட்டு வர முடியுமா என்றால் முடியும், டெனிஸ்டனை அனுப்புவார்கள். நான் இன்னும் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த புதிதில் நுர்லான், “குழந்தை உண்டா?” என்று கேட்டார். “ஒரு பொண்ணு” என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான். அவருக்கும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, டிசம்பரில், நமக்குப் பிறந்து ஓரிரண்டு நாள் கழித்து. “நம்ம ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஒரே வயசு” என்று தோளில் தட்டினார். நான் சிரித்தேன்.

இங்கே குழந்தைக்கு நாற்பதாம் நாள் ஒரு சடங்கு. நாற்பது வீட்டில் துண்டுத் துணி வாங்கி, ஒட்டுப்போட்டு ஒரு சட்டை தைத்துப் போடுகிறார்கள். நாற்பது கரண்டி தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். புதுத் துணி கூடாதாம், வீட்டில் புழங்கிய துணிதான் வேண்டுமாம். வரும் சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்கிறார், “உன் வீட்டிலேர்ந்தும் ஒரு துண்டு வேணும், குழந்தை நடமாடற வீடு” என்கிறார். நம் வீட்டுத் துணியை எப்படிக் கொடுப்பது? கடைத்தெருவில் அரை மீட்டர் வாங்கி, நாலு தடவை துவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

முரளி


ஸ்காபரோ
21 ஜனவரி 2025

முரளிக்கு,

துணி இருக்கு என்று வாசித்ததும் கதிரையில் இருந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போனதற்கு உங்களை ஏசமாட்டேன். நான் என்றாலும் எடுத்திருப்பேன்.

ஆனால் நுர்லானுக்கு அதில் ஒரு நூலும் குடுக்கக்கூடாது. சாவீட்டுத் துணியைப் பச்சைக் குழந்தைக்கு ஒருவரும் குடுக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்குப் பிறகு நித்திரை வராது. கடையில் வாங்கிக் குடுங்கோ. இல்லாவிட்டால் அங்கே போகாமலே விடுங்கோ. பிள்ளை இருக்கு என்று சொன்னதையும் அவருக்குத் திருத்திச் சொல்லுங்கோ. பிறகு தெரியவந்தால் அந்த மனுஷன் எவ்வளவு கவலைப்படுவார்!

என்னுடைய துணியை ஒரு துண்டும் குறையாமல் திருப்பிக் கொண்டுவாங்கோ. நான் உங்களிடம் கேட்கிறது அது ஒன்றுதான்.

மயானத்து ஒபிஸிலிருந்து ஒரு பெண் எடுத்தா. நிலம் இறுகிக் கிடப்பதால் கல்லை வசந்தத்தில்தான் வைப்பினமாம், ஆனால் பெயரை இப்பவே சொல்ல வேண்டுமாம். இப்போது ‘பேபி கேர்ள்’ என்றுதான் போட்டிருக்காம், பின்னாலே உங்களுடைய பெயர். “வாட் இஸ் ஹேர் நேம்?” என்று மெத்தப் பணிவாய்க் கேட்டா. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறந்த முப்பத்தொன்றாம் நாளில் வைக்கலாம் என்று இருந்தோம், அந்த நாளும் போய்விட்டது. நான் தனிய எப்படி முடிவெடுக்கிறது? நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கோ. நல்ல பெயர், கெட்ட பெயர் என்று பார்க்கமாட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்று இருந்தால் போதும்.

சஜிதா


பிஷ்கெக்
26 ஜனவரி 2025

அன்புள்ள சஜி,

நேற்று நுர்லான் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கதவைத் திறந்ததும் வெந்த மாவு வாசனை, செருப்புக் குவியல், உள்ளே இருபது முப்பது பேர். பெண்கள் தரையில் துணி விரித்துச் சின்னச் சின்ன ரொட்டிகளைக் கொட்டிவைத்திருந்தார்கள். நுர்லான் மனைவி ஐகுல் நடுவில் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பெரிய ஆள் இரண்டு உள்ளங்கையை விரித்த அளவுதான் இருக்கும் அந்தச் சட்டை. ஒரு மூலை இன்னும் தைக்காமல் கிடந்தது. எனக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

கடைத் துணியைக் கொடுத்தேன். அவள் கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவ்வளவுதான், புதுத் துணி என்று தெரிந்துவிட்டது. நல்ல துணி என்று மடித்துப் பக்கத்தில் வைத்தாள். முகம் வாடிவிட்டது. தன் குழந்தைக்கு ஒரு துண்டுத் துணி தர யோசிக்கிறான் இந்த ஆள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது சொல்லிவிட்டேன், நுர்லானைப் பார்த்து. எங்கள் பெண் இரண்டு நாள்தான் இருந்தாள், எங்கள் வீட்டுத் துணி உங்களுக்கு ஆகாது என்றேன். அவர் மொழிபெயர்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐகுல் அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது நியாயம்தான் என்று நான் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் என் பூட்ஸைத் தேடினேன். அத்தனை செருப்பில் கிடைத்தால்தானே.

அவள் திரும்பி வந்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், கையில் கத்தரிக்கோல். நுர்லான் சொல்லச் சொல்லப் புரிந்துகொண்டேன். இதற்கு முன் அவளுக்கு ஒரு பையன் பிறந்து தங்கவில்லையாம். “குழந்தை வந்து போன வீடும் குழந்தை வீடுதான். துணி இருக்கா, இல்லையா?” என்று கேட்டாள். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டாள்.

துணி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. தினமும் அங்கேதான் வைத்திருக்கிறேன். நீ குடுக்காதே என்று எழுதியதை மூன்று தடவை படித்திருந்தேன். அப்படியும் எடுத்து நீட்டிவிட்டேன். அவள் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டிக்கொண்டு மிச்சத்தை என் கையில் வைத்தாள். உன் சேலையின் அந்த நீலக் கரை, தோள்பட்டையில் வைத்துத் தைத்தாள்.

பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி தண்ணீர். எனக்கும் கரண்டி கொடுத்தார்கள். குழந்தையின் தலையில் விட்டேன். உச்சி துடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஐகுல், “உன் பொண்ணு பேர் சொல்லு, அவளையும் சேர்த்து வேண்டிக்கறோம்” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முழித்தேன் சஜி. பேரே இல்லாத பெண்ணுக்கு அப்பன் என்று அங்கே போய் நின்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போது பனியில் வழுக்கித் தெருவோரக் கால்வாயில் விழுந்தேன். எழுந்து நடந்தேன். வலிக்கவே இல்லை. இன்று காலையில் பார்த்தால் முட்டி வீங்கிக் கிடக்கிறது.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் காப்பாற்றவில்லை. பேர் சொல்லும் யோக்யதை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை, நீயே வை. முப்பத்தோராம் தேதி ஒரு ஃப்ளைட் இருக்கிறது. ஆபீஸில் கேட்டுவிட்டேன், டெனிஸ்டன் வருவதாகச் சொல்லிவிட்டான்.

வரட்டுமா?

முரளி


ஸ்காபரோ
28 ஜனவரி 2025

முரளிக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். மார்க்கம் ரோட்டில் இறங்க வேண்டியவள், எங்கேயோ போய் இறங்கினேன். ஒரு வங்கி வாசலில் நின்று சத்தம் போட்டேன். தமிழில்தான். ஒருத்தர் கிட்ட வந்து, “ஆர் யூ ஓகே?” என்று கேட்டார். அவரையும் ஏசிவிட்டேன், பாவம்.

ஏன் குடுத்தீர்கள்? குடுக்க வேண்டாம் என்று எழுதினேனே. அது என்னுடைய சேலை. என்னுடைய பிள்ளைக்குக் கிழித்தது. யாரோ ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்து கேட்டால் நீட்டிவிடுகிறதா? நான் ஒரு வரி எழுதிக் கேட்டதற்குப் பெறுமதி இல்லை, அவள் ஒருதரம் அதட்டினதும் கை பைக்குள்ளே போய்விட்டது! வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. குசினியில் இருந்த ஒரு கோப்பையைத் தூக்கி எறிந்தேன். அது உங்களுடைய கோப்பை. சித்தி பயந்துபோய் அக்காவுக்குப் போன் எடுத்தா. “இவள் கத்தி அழுறாள், நீ ஒருக்கா வா” என்று சொன்னா. அவ சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும், நான் அழுதுகொண்டு நிற்கிறேன் என்று. இரவு முழுக்க அழுதேன். நெஞ்செல்லாம் நோகுது. இப்பவும் நோகுது.

இன்றைக்கு விடிய மயானத்துக்குப் போனேன். பொம்பிளையள் போகிற இடமில்லை என்று சித்தி வாசலில் நின்று மறித்தா. ஜெயரட்ணம் அண்ணையைக் கார் கொண்டுவரச் சொன்னேன். அடக்கத்தன்று உங்களோடு வந்தவர்தானே, இடம் அவருக்குத் தெரியும். ஆனால் அவரும் தடுமாறிப்போனார், எல்லாத்தையும் பனி மூடிக் கிடந்தது. அங்கே வேலை செய்கிற பொடியன் வந்து ஒரு சின்னக் கொடியைக் காட்டினான். கையால்தான் பனியைத் தள்ளினேன். கையுறை நனைந்து, விரல் விறைத்து, பிறகு கொதித்தது. அண்ணை பின்னால் நின்று, “காணும் தங்கச்சி, போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு சின்ன இடம், முரளி. நீங்கள் அன்றைக்கு நான் இல்லாமல் இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள் வேலைக்குப் போனீர்களா?

அதிலிருந்து நேரே ஒபிஸுக்குப் போய்ப் பெயர் குடுத்துவிட்டேன். நீங்கள் கேட்காமல் துணியைக் குடுத்தீர்கள், நான் கேட்காமல் பெயரை வைத்துவிட்டேன். அந்தப் பெண் எழுத்துக் கூட்டி எழுதினா. பிழை இல்லையா என்று இரண்டுதரம் பார்த்தேன்.

ஐகுலின் பிள்ளைக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பிள்ளை சுகமாய் இருக்கா? கேட்டுச் சொல்லுங்கோ. அவளிலும் எனக்குக் கோபம்தான், ஆனால் கேட்டுச் சொல்லுங்கோ.

வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் குடுக்கவில்லை. முப்பத்தொன்றாம் திகதி வாங்கோ. விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன், ஜெயரட்ணம் அண்ணை வருவார். வந்ததும் நான் உங்களோடு சண்டை பிடிப்பேன், அதற்கும் ஆயத்தமாய் வாங்கோ. எதிரில் இருப்பதா, பக்கத்தில் இருப்பதா என்று யோசித்துக் காருக்குள் இருக்க வேண்டாம்.

பெயரை இதில் எழுதமாட்டேன். சித்திக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. தகப்பன் மடியில் வைத்துப் பிள்ளையின் காதில் முதல் சொல்ல வேண்டிய பெயர், அதை நான் பனிக்குள்ளே குனிந்து தனியச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை.

வந்து கேளுங்கோ.

சஜிதா